நூலகப் பாடவேளையை யார் எடுத்துக்கொண்டார்கள்?

கல்யாண வீடு, கோயில், காலி வீதி பஸ் தரிப்பிடம் என்று எங்கே பழைய பெற்றோர் ஒருவரைக் கண்டாலும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "டீச்சர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் வாசிக்கிறதே இல்லை?" கொழும்பின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆசிரியையாகவும் நூலகராகவும் நீண்டகாலம் இருந்து, 2023இல் அறுபது வயதில் ஓய்வுபெற்றவள் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். பதில் இருக்கிறது. பிள்ளைகளின் வாசிப்பு ஆசை குறைந்ததை நான் காணவில்லை. ஒரு நல்ல கதையின் முதல் நாலைந்து பக்கத்தை உரக்க வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால், 1993இல் "பிறகு என்ன டீச்சர்?" என்று எப்படிக் கேட்டார்களோ அப்படியேதான் 2023இலும் கேட்டார்கள். மாறியது அவர்களுடைய நாள். யாரும் புள்ளி போடாத ஒரு மணித்தியாலம் அந்த நாளுக்குள் இல்லாமல் போய்விட்டது.

அது எப்படிப் போனது, அதில் கொஞ்சத்தையாவது திரும்பப் பிடிக்க நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதை எழுதி வைக்கத் தோன்றுகிறது. இன்று நூலகச் சாவியைக் கையில் வாங்கும் இளம் ஆசிரியர்கள் பலருக்கு இதைப் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆளில்லை.

நான் தமிழ் ஆசிரியை. 1993இல் அதிபர் கூப்பிட்டு நூலகச் சாவிக்கொத்தைத் தந்தார். அந்தக் காலத்தில் பல பாடசாலைகளில் நூலகம் என்பது தனிப் பொறுப்பு இல்லை; பாடவேளை குறைந்த ஆசிரியர் ஒருவரிடம் சேர்த்துக் கொடுக்கிற வேலை. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை, கண்ணாடிக் கதவு போட்ட மர அலுமாரிகள், நடுவில் நீள மேசை ஒன்று. புத்தகங்கள் எல்லாம் புதிது போலவே இருந்தன. பலவற்றின் கடைசி அட்டையில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு திகதிகூட விழுந்திருக்கவில்லை.

பூட்டி வைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அரசாங்கப் பாடசாலையில், வந்து சேரும் புத்தகங்களை வரிசையாக எழுதும் சேர்வுப் பதிவேட்டில் இலக்கம் ஏறியதும் ஒரு புத்தகம் அரச சொத்தாகிவிடுகிறது. வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கு ஒரு குழு வரும். பதிவேட்டையும் அலுமாரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்தால் எழுத்தில் விளக்கம் கேட்கும். இழப்பு என்று பதிவானால் நிதிப் பிரமாணம் 104இன் கீழ் விசாரணை வரை போகலாம். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் சின்னப் பயமில்லை. ஒரு புத்தகமும் தொலையாத நூலகர் கெட்டிக்காரர், ஒரு புத்தகத்தையும் யாரும் வாசிக்காவிட்டால் அதைக் கேட்க எந்தக் குழுவும் வராது. இந்த ஏற்பாட்டில் பூட்டுப் போடாதவர்தான் அபூர்வம்.

ஆகவே அலுமாரியைத் திறக்க முன் அதிபரிடம் போய்ப் பேசினேன். பிள்ளைகளின் கைக்குப் புத்தகம் போனால் சில தொலையும், சில கிழியும், அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். ஒவ்வொரு தவணை முடிவிலும் தொலைந்த புத்தகங்களின் பட்டியலை அவரிடம் கொடுப்பது, அவர் பார்த்துக் கையொப்பமிடுவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அதே புத்தகத்தையோ அதே பெறுமதியுள்ள வேறொன்றையோ வாங்கித் தருவது என்று சங்கத்தின் கூட்டக் குறிப்பிலேயே எழுதி வைத்தோம். அந்த ஒரு பக்கக் குறிப்புத்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அத்திவாரம். இளம் நூலகர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: றாக்கை வாங்க முன், நிறம் தீட்ட முன், தொலையும் புத்தகத்துக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் இருந்தால் மனதில் பயம் இல்லாமல் இரவல் கொடுக்கலாம்.

அந்தத் துணிவு 1995இன் கடைசியிலும் 1996இலும் மிகவும் உதவியது. 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்த பிறகு, வன்னி, வவுனியா என்று அலைந்து கொழும்பு வந்து சேர்ந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் இருந்தன. ஒரு அறையில் ஒரு குடும்பம். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, அடையாள அட்டை என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஓய்வில்லாத பதற்றம். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு நிலைமை இன்னும் இறுகியது. பின்னேரங்களில் பிள்ளைகளை வெளியே விட யாருக்கும் துணிவில்லை. லொட்ஜ் அறையில் மேசை இல்லை, விளையாட முற்றம் இல்லை. அந்தப் பிள்ளைகள் வாசித்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காலையில் கொண்டுபோன புத்தகத்தை அடுத்த நாள் முதல் மணி அடிக்க முன் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

அங்கத்துவப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு வரி இருந்தது. அதில் அந்தப் பிள்ளைகள் எழுதிய ஊர்களுக்கு அப்போது யாரும் திரும்பிப் போக முடியாது. முகவரி உறுதியில்லாத பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கக் கூடாது என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். நான் லொட்ஜின் பெயரையும் அறை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு கொடுத்தேன். சில குடும்பங்கள் திடீரென்று விசா கிடைத்துப் போய்விடும். விடுகைப் பத்திரம் எடுக்கக்கூட வர நேரமிருக்காது. அவர்களோடு சில புத்தகங்களும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போயின. அவற்றைத் தவணைப் பட்டியலில் எழுதினேன், அதிபர் கையொப்பமிட்டார். போன புத்தகங்களை நினைத்து இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

புத்தகம் இழப்பதைப் பற்றி எனக்கென்று ஒரு மனநிலை இருப்பதற்குக் காரணமும் உண்டு. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த காலத்தில்தான், 1981 மே 31 இரவிலிருந்து ஜூன் 1 வரை, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் போயின. நாங்கள் நோட்ஸ் எழுதிய மேசைகளும் அதற்குள்தான் இருந்தன. ஒரே இடத்தில் பூட்டி வைத்த புத்தகம் பத்திரமானது என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போய்விட்டது. நாலு வீட்டில் பரவியிருக்கும் புத்தகம்தான் பிழைக்கும் என்று நினைப்பவள் நான்.

அப்புறம் ஒரு நல்ல காலம் வந்தது. 1990களின் கடைசியில் தொடங்கிய இரண்டாம் பொதுக் கல்விச் செயற்றிட்டத்தில், உலக வங்கிக் கடனுதவியோடு, நாடு முழுவதும் பாடசாலை நூலகங்களுக்குக் கட்டடமும் தளபாடமும் புத்தகமும் கிடைத்தன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999இல் உருவானது. ஆசிரியர் நூலகர் என்ற பொறுப்புக்கு முறையான பயிற்சி கிடைத்தது. நூலகருக்கு என்று தனி மேசை, தனி நேரசூசி. ஒவ்வொரு வகுப்புக்கும் கிழமைக்கு ஒரு நூலகப் பாடவேளை, 40 நிமிடம். அந்தப் பாடவேளை நேரசூசியில் ஏறிய நாளில் நான் பட்ட சந்தோஷம் பெரிது.

ஆனால் அதே ஆண்டுகளில்தான் மறுபக்கத்தில் இன்னொன்று வளர்ந்தது. ரியூசன் எப்போதும் இருந்ததுதான். முன்பு உயர்தரத்துக்குப் போனார்கள், பிறகு சாதாரண தரத்துக்கு, பிறகு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு, கடைசியில் தரம் 3 பிள்ளைக்கே மாதிரி வினாத்தாள். வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்க வேண்டும் என்று வைத்த பரீட்சை, வீட்டின் மானப் பிரச்சினையாக மாறிவிட்டது. தரம் 4க்கு ஏறியதும் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதை நிறுத்துவார்கள். பரீட்சை முடிந்து தரம் 6இல் திரும்பி வரும்போது, கொடுத்த விடைகளில் ஒன்றுக்குக் கீழே கோடு போடத் தெரியும். பத்துப் பக்கக் கதையில் உட்கார்ந்திருக்கப் பொறுமை இருக்காது. அந்த இரண்டு வருட இடைவெளியை நிரப்ப தரம் 6 முழுவதும் தேவைப்பட்டது.

நூலகப் பாடவேளையும் மெல்ல மெல்லக் கைமாறியது. "டீச்சர், இந்தக் கிழமை மட்டும் கணக்குப் பாடம் முடிக்க வேண்டியிருக்கு, தாருங்கோ" என்று கேட்பார்கள். பிறகு விஞ்ஞானம். தவணைப் பரீட்சை நெருங்கினால் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பரீட்சைப் பெறுபேற்றுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும், வாசிப்புக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வராத ஆசிரியரின் வகுப்பை அமைதியாக வைத்திருக்க நூலகத்துக்கு அனுப்புவது வேறு நடந்தது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து, புத்தகம் எடுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்ற கட்டளையோடு உட்கார்ந்திருப்பார்கள். நூலகத்தைத் தண்டனை அறையாக நினைக்க வைக்க இதைவிட வேறு வழி வேண்டியதில்லை.

இதற்கு எதிராக வாதாடிப் பார்த்தேன், பெரிய பலன் இல்லை. சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் பலித்தன.

கடந்தகால வினாத்தாள்களை வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். உயர்தரப் பிள்ளைகள் வந்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வினாத்தாள் றாக்கையை அறையின் கடைசி மூலைக்கு மாற்றினேன். வாசலிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் கதை, பயணம், வாழ்க்கை வரலாறு எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் இருந்த மேசையில் சில புத்தகங்களை முதுகு காட்டாமல் முன் அட்டை தெரியும்படி நிறுத்தி வைத்தேன். அந்த மேசையிலிருந்து இரவல் போனதுதான் எப்போதும் அதிகம். புதிய புத்தகம் வாங்கக் காசில்லாத நேரத்தில் இருக்கும் புத்தகத்தின் முகத்தைத் திருப்பி வைத்தாலே போதும். தரம் 6, 7 பிள்ளைகளுக்குரியவை அவர்கள் கண் உயரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் உயரத்துக்குச் செய்த றாக்கையின் மேல் தட்டில் சிறுவர் கதையை வைத்துவிட்டு, பிள்ளைகள் எடுப்பதில்லை என்று சொல்லக் கூடாது.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பைப் பயிற்சியில் விரிவாகப் படித்தோம். பெரிய நூலகத்துக்கு அது அவசியம். பாடசாலையில் பிரச்சினை என்னவென்றால், தமிழ்க் கதை, கவிதை, நாடகம் எல்லாம் 894.811 என்ற ஒரே எண்ணுக்குள் வந்து குவியும். பாதி நூலகம் அந்த ஒரு எண்ணில்தான். அதற்குமேல் புள்ளி போட்டு நீட்டினால் பிள்ளைக்கு விளங்காது. நாங்கள் எண்ணைப் பதிவேட்டிலும் முதுகிலும் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வயதுக்கு ஒரு நிற ஒட்டியும் எழுத்தாளர் பெயரின் முதல் எழுத்தும் சேர்த்தோம். ஒரு தவணைக்குள் பிள்ளைகளே புத்தகத்தைச் சரியான இடத்தில் திருப்பி வைக்கப் பழகிவிட்டார்கள்.

இடைவேளை நேரத்தில் நூலகத்தைத் திறந்து வைத்ததுதான் பெரிய மாற்றம். பாடவேளையை யாரும் எடுக்கலாம், இடைவேளையை எடுக்க முடியாது. ஆனால் நான் ஒருத்தி தேநீர்கூடக் குடிக்காமல் நின்று சமாளிக்க முடியாது. அதற்குத்தான் மாணவ நூலகர்கள். பெரும்பாலும் இந்தப் பொறுப்புக்கு வகுப்பில் முதலாம், இரண்டாம் பிள்ளைகளை அனுப்புவார்கள். அவர்களுக்கு ஏற்கனவே பத்துப் பொறுப்பு. நான் வகுப்பாசிரியர்களிடம் கேட்டது பின்வரிசைப் பிள்ளைகளை. சத்தம் போடுகிறவன், பேசவே பேசாதவள், இடைவேளையில் தனியாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறவன். திகதி முத்திரையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் அதன் பிறகு அவர்களை நூலகத்திலிருந்து அனுப்புவதுதான் கஷ்டம். அவர்களுடைய கூட்டாளிகளும் பின்னால் வருவார்கள். அந்தக் கூட்டாளிகள் வேறு எந்த வழியிலும் நூலகத்துக்குள் வந்திருக்க மாட்டார்கள்.

2001ஐ ஒட்டி ஆங்கிலமொழி மூலக் கற்பித்தல் அரசாங்கப் பாடசாலைகளிலும் தொடங்கியது. வெள்ளவத்தைப் பக்கத்தில் வசதியான பல குடும்பங்கள் சர்வதேசப் பாடசாலைகளுக்குப் போய்விட்டன. எங்களிடம் இருந்த பிள்ளைகளிலும் ஒரு பகுதியினருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கும்போது எழுத்தெழுத்தாகக் கூட்டுவார்கள். பதின்மூன்று வயதுப் பையனிடம் சிறுபிள்ளைப் படப்புத்தகத்தைக் கொடுத்தால் அவமானப்படுவான். நான் செய்தது உரத்து வாசிப்பு. பாடவேளையின் முதல் பதினைந்து நிமிடம் நான் வாசிப்பேன், பிள்ளைகள் கேட்பார்கள். சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிடுவேன். காது பழகினால் கண் பின்னால் வரும். இன்னொரு உபாயம், சிங்களச் சிறுவர் படப்புத்தகங்கள். இரண்டாம் மொழியாகச் சிங்களம் எல்லோருக்கும் உண்டு என்பதால் அதில் எல்லோரும் ஆரம்ப நிலைதான். பெரிய பிள்ளை படப்புத்தகம் எடுப்பதில் வெட்கம் இல்லை. அந்த றாக்கையில் கைவைத்த பிள்ளை பக்கத்திலிருக்கும் தமிழ்ப் படப்புத்தகத்தையும் எடுக்கும்.

கணினி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்னும் பல பாடசாலைகளில் நடக்கிறது. நூற்பட்டியல் முழுவதையும் ஆர்வத்தோடு பாமினி எழுத்துருவில் தட்டி வைத்தோம். திரையில் தமிழ் அழகாகத் தெரிந்தது. கணினி மாறியபோது அந்த எழுத்துரு இல்லாததால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிட்டன, தேடினாலும் எதுவும் அகப்படவில்லை. எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டி வந்தது. இன்று தொடங்குகிறவர்கள் முதல் வரியிலிருந்தே யுனிகோடில் எழுதுங்கள். விலைகொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. சின்ன நூலகத்துக்கு எக்செல் போதும், வளர்ந்தால் இலவசமாகக் கிடைக்கும் கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கிறது. கையெழுத்துச் சேர்வுப் பதிவேட்டை மட்டும் ஒருபோதும் கைவிடாதீர்கள். கணக்கெடுப்புக் குழு கேட்பது அதைத்தான்.

புத்தகத்தின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் கடற்கரைக்குப் பக்கத்துப் பாடசாலையில் நூலகரின் முதல் எதிரி ஈரக்காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சுவர் வியர்க்கும். சுவரோடு ஒட்டி வைத்த றாக்கையின் புத்தகங்கள்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்கும் றாக்கைக்கும் இடையில் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து அரை அடியாவது உயரட்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். இறுக்கினால் காற்றும் போகாது, இழுக்கும்போது முதுகும் கிழியும். பொலித்தீன் உறையை மூன்று பக்கமும் ஒட்டி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று அட்டையை அழித்துவிடும். கம்பித் தையல் போட்ட சஞ்சிகைகளில் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கம்பியைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். வீட்டில் காய்ச்சிய மாப்பசைக்கு இராமபாணப் பூச்சி ஓடி வரும். முன்பு மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள இடத்தில் வேண்டாம். கடையில் கிடைக்கும் பைண்டர் கம் போதும். மெல்லிய வெயில் உள்ள நாளில் முற்பகல் பத்து மணியிலிருந்து யன்னல்களைத் திறந்து விடுவதைப் போல மலிவான மருந்து வேறில்லை.

பழைய புத்தகத்தைக் கழிப்பதும் இதே அளவு முக்கியம். 1991இல் இல்லாமல் போன சோவியத் யூனியன் எங்கள் தேசப்படத்தில் வெகுகாலம் இருந்தது. 2006இல் புளூட்டோ குறுங்கோள் என்று மாற்றி வகைப்படுத்தப்பட்ட பிறகும் ஒன்பது கோள்கள் என்று சொல்லும் விஞ்ஞானப் புத்தகங்கள் றாக்கையில் நின்றன. அதைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைந்தது. கணக்கெடுப்புக் குழு அனுமதிக்கும் வரை எறியக் கூடாது என்பது சரி. ஆனால் அதுவரை றாக்கையில்தான் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு பெட்டியில் போட்டு, பட்டியல் எழுதி, புறம்பாக வையுங்கள். கதைப் புத்தகம் பழசானால் பரவாயில்லை. தகவல் புத்தகம் பழசானால் அது பிள்ளையை ஏமாற்றும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனது. முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு ஃபோன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போகும். இரவு அவர் வந்த பிறகுதான் மூன்று பிள்ளைகளும் மாறி மாறி வீட்டுப்பாடம் பார்ப்பார்கள். அப்போது எங்களுக்கு உதவியது பழைய முறைதான். நடமாட்டம் தளர்ந்ததும் பாடசாலை வாசலில் பெற்றோரை வரச்சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பையில் சில புத்தகங்கள் போட்டுக் கொடுத்தோம். திரும்பி வந்தவற்றை மூன்று நாள் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தோம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது பூஞ்சண நாற்றம் மூச்சை அடைத்தது. நீண்ட விடுமுறை வந்தால் கிழமைக்கு ஒருமுறை யாராவது யன்னலைத் திறந்து விட ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

மூச்சு விட முன் 2022 வந்தது. மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியதால் இந்தியாவிலிருந்து வரும் தமிழ்ப் புத்தகங்களின் விலையும் ஏறியது. எங்கள் ஒதுக்கீடு அப்படியே இருந்தது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வருடத்துக்கு வேண்டியதை வாங்குவது என் வழக்கம்; இனி அதில் பாதிகூடக் கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. அப்போது தொடங்கியது மாற்றுப் புத்தக நாள். வீட்டில் வாசித்து முடித்த ஒன்றைக் கொண்டுவா, இன்னொன்றை எடுத்துக்கொண்டு போ. பதிவேடு இல்லை, தண்டப்பணம் இல்லை. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி என்று பரிசு கொடுப்பதைவிட இந்த ஒரு நாளுக்குத்தான் அதிகம் பிள்ளைகள் வந்தார்கள். போட்டி என்றால் அதே பத்துப் பிள்ளைகள். மாற்று நாளில் எல்லோரும்.

ஒப்படை எழுதுவதைப் பற்றி ஒன்று. முன்பு பிள்ளைகள் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதினார்கள், பிறகு இணையத்தைப் பார்த்து, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு. கொழும்புத் துறைமுகம் பற்றி ஒரு பிள்ளை கொண்டுவந்த ஒப்படையில் வாக்கியங்கள் வழுவழுப்பாக இருந்தன. கடைசியில் உசாத்துணை என்று போட்டிருந்த புத்தகங்கள் எதுவும் உலகத்தில் இல்லை. பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. "இதில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வாம்மா, சேர்ந்து பார்ப்பம்" என்று சொல்வேன். தேடிக் களைத்த பிறகு அவளுக்கே விளங்கும். நம்பித் தேட நல்ல இடமும் காட்ட வேண்டும். 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், பத்திரிகைகள் என்று ஏராளமாக இலவசமாக இருக்கின்றன. அம்மம்மாவின் ஊரைப் பற்றி எழுதச் சொன்னால், அந்த ஊர்ப் பாடசாலையின் பழைய மலரை அங்கே தேடச் சொல்லிக் கொடுங்கள். நேரில் போக முடிந்தவர்களுக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகமும் இருக்கின்றன. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்து இந்த இரண்டுக்குள்ளும் ஒருமுறையும் போகாத பிள்ளைகள் நிறைய. பெற்றோரிடம் நான் கேட்பது, சனி ஞாயிறில் ஒரு ரியூசன் வகுப்பைக் குறைத்துவிட்டு அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான். கூட்டிப் போன இடத்தில் என்ன வாசித்தாய், எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்காமல் இருங்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்குப் போய் உதவுகிறேன். இரண்டு ரியூசன் வகுப்புக்கு இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் வருகிறார்கள். இந்த வாசிகசாலைக்கும் பாடசாலை நூலகங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் புத்தகம் அனுப்ப விரும்புகிறார்கள், மனதார நன்றி. ஒரு வேண்டுகோள். இருபது வருடப் பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளும், அந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்குரிய பாடநூல்களும் வேண்டாம்; சுங்கத்திலிருந்து எடுக்கும் செலவுதான் மிஞ்சும். அந்தக் காசை இங்கே அனுப்பினால் செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தையிலோ ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போய்த் தெரிவு செய்ய விடலாம். பத்து முதல் பதினான்கு வயதுக்கான தமிழ்க் கதைகள்தான் எப்போதும் தட்டுப்பாடு. அடுத்தது, தையல் கட்டு உள்ள நல்ல அகராதிகள். அனுப்ப முன் நூலகப் பொறுப்பாசிரியரோடு ஒருமுறை பேசுங்கள், எது கிழிந்துபோயிருக்கிறது, எதற்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவர் பட்டியல் தருவார்.